ஆழாக்கு வயிறு

நம் பாட்டிமார் காலத்து அடுக்களைகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு படியும், அதனுள் ஓர் உழக்கும், உழக்கினுள் ஓர் ஆழாக்கும் அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. இன்றைய கணக்கில் படி என்பது சுமார் 1,344 மில்லி லிட்டர், ஆழாக்கு 168. இந்தப் பழங்கணக்கை இவ்வாரம் நாம் தூசி தட்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த மனிதரின் இரைப்பை, வயிறார உண்ணும் சமயத்தில் ஏறக்குறைய ஒரு படி கொள்ளும். உடற்பருமனைக் குறைப்பதற்கென்று இந்நாளில் செய்யப்படும் ரண சிகிச்சைக்குப் பிறகோ, அதே இரைப்பை ஓர் ஆழாக்குக் கூடக் கொள்வதில்லை.

இது வைத்திய உலகத்துக்குப் பழைய செய்தி. ஆனால் ஆழாக்கு வயிற்றுடன் ஒருவர் வீடு திரும்பிய பின்பு, படி வயிற்றுக்காரர்கள் நிறைந்த அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி வைத்திய நூல்கள் அதிகமாகப் பேசுவதில்லை. அதைப் பற்றி நமக்கு எழுதியிருப்பவர் அனந்தபுரத்து நேயர் ஒருவர். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் பூமியில் உள்ள சிறு பேரூர் அது. (மல்லாட்டை என்றதும் விழிக்கும் சென்னை நேயர்களுக்காகச் சொல்லுகிறோம்: வேர்க்கடலைதான். மணிலாக் கொட்டை என்று வந்த பெயர் அந்தப் பக்கத்து நாவில் அப்படித் தேய்ந்து போயிற்று.)

பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாமென்று நேயர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய தமக்கையாருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. எடை நூறு கிலோவைத் தாண்டி, நீரிழிவும் முழங்கால் வலியும் ஒன்று சேர்ந்து அவரைப் படாத பாடு படுத்தியதால், சென்னையில் சிகிச்சை செய்து கொண்டு வீட்டுக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. நேயர் எழுதுகிறார்: "அம்மா தட்டு நிறையச் சோறு போட்டுப் பிசைந்து வைத்துக் கொண்டு, அக்காவின் எதிரிலேயே உட்கார்ந்து விடுகிறாள். அக்கா நாலு கவளத்தோடு நிறுத்தினால் அம்மா அழுகிறாள். அந்த அழுகைக்குப் பயந்து அக்கா ஐந்தாவது கவளத்தை விழுங்குகிறாள். உடனே கொல்லைப் பக்கம் ஓடி வாந்தி எடுக்கிறாள். பத்து நாளாகத் தினமும் இதுவே நடக்கிறது. என் மகளைப் பட்டினி போட்டுக் கொல்லுவதற்கா இத்தனை பணம் கொட்டினீர்கள் என்று அம்மா எங்களைக் கேட்கிறாள். எவ்வளவு சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம் என்று தாங்கள்தான் எழுத வேண்டும்."

கடிதம் இத்துடன் முடிந்திருந்தால், நாமும் சாவதானமாக உட்கார்ந்து பதில் எழுதியிருப்போம். ஆனால் கையெழுத்துக்குக் கீழே, மறந்து போனதை நினைத்துக் கொண்டு எழுதியவர் போல, ஒரு வரி சேர்த்திருந்தார்: "இரண்டு நாளாகப் பாதம் மரத்துப் போகிறதென்றும், நடந்தால் தள்ளுகிறதென்றும் அக்கா சொல்லுகிறாள். பலவீனம்தான் போலிருக்கிறது."

பலவீனம் அல்ல. அந்த ஒரு வரியைப் படித்த மாத்திரத்தில், கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, "பத்திரிகையில் பதில் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், என்ன சிகிச்சை செய்து கொண்டார் என்பதையும் பத்து நாள் வாந்தியையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். அவ்விதமே செய்தார்கள். விழுப்புரத்தில் வைத்தியர் பரிசோதித்து, தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசி மூலம் செலுத்தினார். சென்னையில் சிகிச்சை செய்த வைத்தியரையும் கலந்து கொண்டார். இப்போது வாந்தி நின்றிருக்கிறது; நடையும் நேராகி வருகிறது. பாதத்தின் மரமரப்பு மட்டும் இன்னும் முற்றும் தீரவில்லை.

இந்தத் தயமின் சமாசாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் உடம்பு அதைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமான இருப்பே உண்டு. ஆகையால் உணவும் குறைந்து, உண்டதும் வாந்தியாகப் போய்க் கொண்டிருந்தால், கையிருப்பு வெகு சீக்கிரத்தில் தீர்ந்து விடும். அப்போது வருவதுதான் நம் முன்னோர் காலத்தில் பெயர் கேட்டாலே ஊர் நடுங்கிய பெரிபெரி நோய். கால் மரத்துப் போகும், தள்ளாடும், பார்வை இரட்டையாகும், முற்றினால் நினைவு தடுமாறும். முற்றிய பின் கொடுக்கும் மருந்து இழந்ததையெல்லாம் திருப்பித் தருவதில்லை.

பெரிபெரியை ஆராய்ந்த கதையில் நம் மாகாணத்துக்கு ஒரு பெருமையான பங்கு உண்டு. 1918-ஆம் வருஷத்தில் ராபர்ட் மக்காரிஸன் என்பவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையை வைத்துக் கொண்டு பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து உணவுச் சத்து ஆராய்ச்சிச் சாலையாகி, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கி வருகிறது. அக்காலத்தில் சென்னை ராஜதானியின் வடகோடியில், ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், பெரிபெரி நிரந்தரமாகக் குடியிருந்தது. தமிழ் ஜில்லாக்களில் அவ்வளவு இல்லை. காரணம் நம்முடைய புழுங்கலரிசி! நெல்லை ஊற வைத்து அவிக்கும் போது, உமிக்கு அடியிலுள்ள தவிட்டின் சத்து அரிசிக்குள்ளேயே ஊறி விடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய் விடுவதில்லை. பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டி உண்டவர்கள் சத்தைத் தவிட்டோடு மாட்டுக்குக் கொடுத்து விட்டார்கள். அந்தப் பழைய நோய் இன்று, புத்தம் புதிய கருவிகளைக் கொண்டு செய்யும் சிகிச்சையின் பின்வாசல் வழியாக எட்டிப் பார்க்கிறது என்பதுதான் விந்தை.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றினால் ஓர் அபாயம் உண்டு. சோர்வாக இருக்கிறது என்றால், "ஒரு குளுக்கோஸ் ஏற்றிக் கொண்டு வந்து விடு" என்று பக்கத்துத் தெரு மருத்துவ மனைக்கு அனுப்பி வைக்கிறோமல்லவா? தயமின் வற்றிப் போன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் துளி தயமினும் அதைச் செரிப்பதிலேயே செலவாகி, மூளைக்குக் கேடு விளையக் கூடும். தயமின் முதலில், அல்லது கூடவே; குளுக்கோஸ் அதற்குப் பிறகு. எனவே இச்சிகிச்சை செய்து கொண்டவர்கள் எந்த வைத்தியரிடம், எந்தக் காரணத்துக்காகச் சென்றாலும், தம் வயிற்றின் வரலாற்றைச் சொல்லி விட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். ஒரு சீட்டில் எழுதிப் பணப் பையில் வைத்துக் கொள்வது இன்னும் நல்லது.

இனி, சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். அனந்தபுரத்து அம்மணிக்குச் செய்ததை ஸ்லீவ் சிகிச்சை என்கிறார்கள். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. இரைப்பையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்து விட்டு, எஞ்சியதைச் சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழலாக்கி விடுவது. அது 100 முதல் 150 மில்லி லிட்டர் கொள்ளும். இன்னொன்று பைபாஸ் எனப்படும் மாற்றுவழிச் சிகிச்சை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு இணைத்து விடுகிறார்கள். பழைய அளவையில் ஆழாக்கின் ஐந்தில் ஒரு பங்குக்குச் செவிடு என்று பெயர். இந்தப் பை கிட்டத்தட்ட ஒரு செவிடுதான். அமெரிக்காவில் 1954-லேயே எடையைக் குறைக்கச் சிறுகுடலைச் சுருக்கிப் பார்த்தார்கள். 1960-களில் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்பவர் இரைப்பைப் பைபாஸைக் கொண்டு வந்தார். ஸ்லீவ் தனிச் சிகிச்சையாகப் பரவியது இந்த நூற்றாண்டில்தான். நம் தேசத்தில் நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜேட்லி 2014-லும் இவ்வகைச் சிகிச்சை செய்து கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

"வாயைக் கட்டினால் போதாதா? வயிற்றை வெட்டுவானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சுலபம். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை யானைத்தீ என்னும் பெரும் பசியால் பன்னிரண்டு வருஷம் வருந்துகிறாள். அவளை யாரும் சோம்பேறி என்று ஏசவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ரசத்தை ஜப்பானியர் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில்தான் ஊறுகிறது. ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். எனவே இந்தச் சிகிச்சை இடத்தை மட்டும் குறைப்பதில்லை. பசியின் குரலையும் தணிக்கிறது. 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேரும் ஆண்களில் முப்பத்தேழு பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருக்கிறார்கள். அத்தனை பேரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வதற்கு நமக்குத் தைரியம் இல்லை.

அதற்காக, கல்யாணத்துக்கு முன் இளைத்துக் காட்டுவதற்கென்று யாரும் இந்தக் கத்தியை நாட வேண்டியதில்லை. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்து வருவது உடல் நிறை எண். ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள பெண்மணி 85 கிலோ இருந்தால் அது 35-ஐ ஒட்டி வரும். 35-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றும் 2022-ல் இத்துறையின் சர்வதேசச் சங்கத்தாரும் அமெரிக்கச் சங்கத்தாரும் சேர்ந்து கூறியிருக்கிறார்கள். ஆயினும் இது பெரிய சிகிச்சை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கத்தில் இதற்காகச் சென்று உயிரிழந்ததும், அரசாங்கம் விசாரணை நடத்தியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

சிகிச்சை முடிந்து விட்டது. இனிச் சமையலறைக்குப் போவோம். நேயர் கேட்ட "எவ்வளவு" என்ற கேள்விக்கு விடை: ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு முதல் முக்கால் ஆழாக்கு, அதற்கு மேல் இல்லை. ஆனால் உண்மையில் முக்கியமான கேள்வி எவ்வளவு என்பதல்ல. எது முதலில் என்பதுதான்.

நம் சாப்பாட்டின் முறையே சோற்றை நடுவில் குவித்து, மற்றதையெல்லாம் அதற்குப் பரிவாரமாக வைப்பது. படி வயிற்றில் அரசனுக்கும் இடமுண்டு, பரிவாரத்துக்கும் இடமுண்டு. ஆழாக்கு வயிற்றிலோ அரசன் உட்கார்ந்ததும் கதவு சாத்தப்பட்டு விடுகிறது. ஆழாக்கில் முக்காற்பங்கு குழைந்த சோற்றில் உள்ள புரதச் சத்து மூன்று நாலு கிராம். சிகிச்சை செய்து கொண்டவருக்கு நாள் ஒன்றுக்கு வேண்டிய புரதமோ 60 முதல் 80 கிராம். சோற்றினால் மட்டும் அதை நிரப்புவதென்றால் நாள் முழுவதும் உண்டு கொண்டே இருந்தாலும் நடவாது. புரதம் போதாவிட்டால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைத்து விடும். எடை இறங்கியதென்று தராசு சந்தோஷப்படும், மனிதர் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பார். ஆகவே வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் கெட்டிப் பருப்பு, முட்டை, மீன், பனீர் இவற்றில் ஒன்று. பிறகு நன்றாக வெந்த காய். இடம் மிச்சமிருந்தால் கடைசியில் ஒரு கரண்டிச் சோறு. இடமில்லாவிட்டால் சோறு இல்லை. அதற்காக யாரும் அழ வேண்டாம்.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்த்தோம். காலையில் ஒரு முட்டை, 6 கிராம். நாள் முழுவதிலுமாகப் பகிர்ந்து குடிக்கும் பால் 400 மில்லி லிட்டர், ஏறக்குறைய 13. மத்தியானம் முப்பது கிராம் பருப்பை வேக வைத்த கெட்டிப் பருப்பு, 7. மத்தியானத்துக்கும் இரவுக்குமாக அறுபது கிராம் மீன், 12. சாயங்காலம் இருபத்தைந்து கிராம் பாசிப்பயற்றை நன்றாக வேக வைத்து மசித்தது, 6. பனீர் ஐம்பது கிராம், 9. தயிர் நூறு கிராம், 3. கூட்டினால் 56. இவ்வளவு கவனமாகச் செய்தும் அறுபதைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். சைவர்களாக இருந்தால் மீனையும் முட்டையையும் கழித்து விட, பள்ளம் இன்னும் ஆழமாகிறது. வைத்தியர்கள் புரதப் பொடியை எழுதிக் கொடுப்பது இந்தப் பள்ளத்தை நிரவுவதற்குத்தான். கடைக்காரருக்கு வியாபாரம் செய்து கொடுப்பதற்கல்ல. எந்தப் பொடி, எத்தனை கரண்டி என்பதை அவர்களே சொல்லட்டும்.

மல்லாட்டை விளையும் ஊர்க்காரர்கள், "நம் கொல்லையிலேயே புரதம் கொட்டிக் கிடக்கிறதே" என்று நினைக்கலாம். உண்மைதான். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வெளிவந்து தேசமெங்கும் பரவிய டி.எம்.வி. ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துக்களே திண்டிவனத்தைக் குறிப்பவை. நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம் உண்டு. ஆனால் ஏறக்குறைய பாதி எண்ணெய்! முதல் சில மாதங்களில் முழுக் கடலை குழலில் அடைத்துக் கொள்ளும். பிற்பாடு கை நிறைய எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தால் இறங்கிய எடை ஏறி வரும். சட்னியில் ஒரு கரண்டி போதும்.

முதல் நாளிலிருந்தே பருப்பும் மீனும் என்று யாரும் தவறாக எண்ணிக் கொள்ளக் கூடாது. வழக்கமான வரிசை இது: முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், அப்புறம் சுமார் இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய பருப்பு ரசம் போன்றவை, மூன்றாவது நான்காவது வாரங்களில் கூழ் போல் மசித்தவை, ஐந்து ஆறாவது வாரங்களில் குழைய வெந்தவை, அதற்குப் பின்தான் வீட்டுச் சாப்பாடு. வைத்தியருக்கு வைத்தியர் இரண்டொரு நாள் கூடக் குறையச் சொல்வார்கள். தைத்தவர் சொல்வதே சட்டம்.

உண்ணும் விதமும் மாற வேண்டும். வாயில் வைப்பது ஒரு சிறு கரண்டி அளவு. அதை இருபது முப்பது முறை மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷமாவது ஆக வேண்டும். நெஞ்சுக் குழியில் இறுக்கம், விக்கல், திடீரென்று மூக்கில் நீர் வடிதல் - இவை எல்லாம் போதும் என்று வயிறு அடிக்கும் மணி. அந்த மணி அடித்த பின் போடும் ஐந்தாவது கவளந்தான் அனந்தபுரத்தில் அத்தனை விபரீதத்துக்கும் காரணம்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் பழக்கத்தை மாற்றிக் கொள்வது மிகவும் சிரமம். சாப்பாட்டுக்கு நடுவே மடக் மடக்கென்று ஒரு செம்பு குடித்து ஏப்பம் விடுவதுதான் நமக்குத் திருப்தி. இங்கே அது கூடாது. சாப்பிடும் போதும், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் வரையிலும் தண்ணீர் வேண்டாம். மற்ற நேரங்களில் வாய் வாயாக, நாள் முழுவதும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். விழுப்புரத்துக் கத்திரி வெயிலில் இதை மறந்தால் சிறுநீர் சுருங்கித் தலை சுற்றும். சோடா, கலர் முதலிய காற்றடைத்த பானங்களுக்கு அந்தச் சிறு குழலில் இடமே கிடையாது.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சாலை நெடுகக் கரும்புச் சாறு விற்கிறார்கள். பைபாஸ் செய்து கொண்டவர் ஒரு தம்ளர் கரும்புச் சாறு குடித்தால், அது இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் கொட்டி, அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கிப் பேதியாகும்; படுத்து எழுந்தால்தான் சரியாகும். ஸ்லீவ் செய்து கொண்டவர்களில் சிலருக்கும் இது நேரும். நேராதவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். அல்வா, ஐஸ்கிரீம், வாயில் போட்டதும் கரையும் முறுக்கு, மிக்ஸ்சர் எல்லாம் ஆழாக்கு வயிற்றிலும் வழுக்கிக் கொண்டு இறங்கி விடும். நிறைந்தது என்ற மணியும் அடிக்காது. இரண்டாவது வருஷத்துக்குப் பிறகு எடை திரும்பி ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மாத்திரைகளோ ஆயுள் பரியந்தம். பி12 என்ற உயிர்ச்சத்தை உடம்பில் சேர்ப்பதற்கு இரைப்பையில் ஊறும் ஒரு பொருள் துணை வேண்டும். இரைப்பையே போன பின் துணையும் குறைகிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே குறைகின்றன, சிறப்பாகப் பைபாஸில். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக் கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பி தேநீரோடு இரும்பு மாத்திரை கூடாது. மூன்றாவது மாதத்தில் தலைமயிர் கொத்தாகக் கொட்டும் போது பயந்து எண்ணெய் மாற்றுகிறவர்கள், எண்ணெயை விட்டு விட்டுப் புரதக் கணக்கைப் பார்ப்பது உத்தமம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்து விடும். ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில். பிறகு வருஷம் ஒருமுறை. அனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு சுமார் 150 கிலோமீட்டர். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பயணத்தைத் தள்ளிப் போடுகிறவர்கள் அநேகர். விழுப்புரத்திலேயே ரத்தம் கொடுத்து முடிவை வைத்தியருக்கு அனுப்பலாமே! பிள்ளை பெறும் வயதுள்ள சகோதரிகள், ஒன்று ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அதையும் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லி விடுவது நல்லது.

முக்கியமான இன்னொன்று. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பழைய அளவிலேயே மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருக்கக் கூடாது. உணவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கையில் மாத்திரை மட்டும் குறையாதிருந்தால், சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இம்மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். வாங்கி வைத்துக் கொள்ளும் முன், சிகிச்சை நடந்த விஷயத்தைச் சொல்லி அளவை மாற்றிக் கேட்க வேண்டும். மூட்டு வலிக்காக நாமே கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் புதுத் தையலில் புண்ணை உண்டாக்கக் கூடியவை; வைத்தியரைக் கேளாமல் தொடக் கூடாது.

அந்தத் தாயாரைப் பற்றி நாம் நெடுநேரம் யோசித்தோம். மகள் பிறந்த நாளிலிருந்து அவளுடைய சௌக்கியத்தைச் சோற்றினால் அளந்து வந்தவர். இன்று அளவைக் கருவியைப் பிடுங்கிக் கொண்டு, "தலையிடாதே" என்றால், அவர் வேறென்ன செய்வார்? அழத்தான் அழுவார். ஆகையால் அவருக்கு வேலை கொடுங்கள் என்று நேயரிடம் சொன்னோம். வீட்டில் பழைய ஆழாக்கு ஒன்று எங்கேயாவது கிடக்கும். புளி போட்டுத் துலக்கி அம்மாவிடம் கொடுங்கள். அம்மா, இனிமேல் அக்காவின் சாப்பாடு இதில் முக்கால்தான். ஆனால் நாளைக்கு ஆறு வேளை. ஆறிலும் பருப்போ பாலோ மீனோ முட்டையோ முதலில் இருக்க வேண்டும். மாத்திரை வேளையும் உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். பருப்பை மசிப்பதற்கும், மீனில் முள் பார்ப்பதற்கும், பயற்றை முந்தின இரவே ஊறப் போடுவதற்கும் அவரைக் காட்டிலும் தகுதியானவர் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? சென்ற வாரம் நேயர் மீண்டும் பேசினார். அம்மா சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக் கொண்டு வேளாவேளைக்குக் கிராம் கணக்கு எழுதுகிறாராம். "ஐம்பத்தாறில் நிற்கிறது, இன்னும் நாலு கிராமுக்கு என்ன செய்வது?" என்று கேட்கச் சொன்னாராம். தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து விட்டால், அதே கரண்டியில் ஏறக்குறைய இரட்டிப்புப் புரதம் என்று பதில் சொல்லியிருக்கிறோம்.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். இலை போட்டு உட்கார்ந்தால், பரிமாறுகிறவர்கள் விட மாட்டார்கள். மிச்சம் வைத்தால் எதிர் வரிசை பார்க்கும். வீட்டிலேயே முக்கால் ஆழாக்கை முடித்துக் கொண்டு போய், ஆசீர்வாதம் செய்து, தாம்பூலம் வாங்கிக் கொண்டு திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தே தீர வேண்டிய நெருங்கின சொந்தமானால், சின்னப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒரே இலையில் பகிர்ந்து கொள்ளலாம்.

கடைசியாக, ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை அக்கா குடிக்கலாமா என்பது நேயரின் கேள்வி. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆடி வருவதற்குள் அவருக்குச் சிகிச்சை முடிந்து நாலு மாதமும் ஆகி விடும். மோர் விட்டுக் கரைத்து, அரைத் தம்ளர், கால் மணி நேரம் வைத்துக் கொண்டு குடிக்கலாம். அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காமல் ஒரு வேளைச் சாப்பாடாகவே எண்ண வேண்டும். தொட்டுக் கொள்ள வைக்கும் பச்சை வெங்காயத்தை மட்டும் இந்த வருஷம் தம்பியே கடித்துக் கொள்ளட்டும்.